அங்கே இல்லாத புரதம்

எங்கள் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் யாரோ புதிதாகக் கடை போடுகிறார்கள். அறுத்த ஒட்டுப்பலகையின் காரமான வாடை மூக்கில் ஏறியதும் மச்சாளின் கோட்டுக் கை நினைவுக்கு வந்தது. ஆய்வுகூடத்துப் போமலின் திரவத்தின் வாடை அதில் எப்போதும் ஒட்டியிருக்கும். என் சாப்பாட்டுக் கடைக்குள் அவள் நுழைந்தால் கொத்துரொட்டியின் மணமே ஒரு கணம் பின்வாங்கும்.

டி.என்.ஏ.யில் எந்தப் புரதம் எங்கே போய் ஒட்டுகிறது என்று வரைபடம் போடுவது அவள் வேலை. "இந்தத் தெருவிலை எல்லாரையும் நிண்ட இடத்திலையே உறைய வைக்கிறதெண்டு வையும், மச்சான். அதுதான் போமலின். பிறகு தெருவைத் துண்டுதுண்டா வெட்டி, நான் தேடுற ஆளைக் கொக்கி போட்டு இழுத்தா, அவர் நிண்ட வாசற்படியும் சேர்ந்து வரும். அந்தப் படிதான் டி.என்.ஏ. அதை வாசிச்சா விலாசம் தெரியும்."

"கொக்கி ஆள்மாறிப் பிடிச்சா?"

"அட, சமையல்காரருக்கும் மூளை இருக்கு! சனம் நெரியிற வாசலெண்டா எந்தக் கொக்கியிலையும் ஏதாவது அகப்படும்."

அதுதான் நடந்தது. அவளுடைய பேராசிரியர் கொண்டாடிய வரைபடத்தை அவள் நம்பவில்லை. அந்தப் புரதமே இல்லாத உயிரணுக்களில் அதே சோதனையைச் செய்தாள். வரைபடத்தில் அதே இடங்களில் அதே சிகரங்கள். இல்லாத ஆளுக்கு விலாசம்! போமலின் தொடாத புதிய முறையால், புரதம் உள்ள உயிரணுக்களிலும் தேடினாள். அந்த இடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

இவற்றைக் கட்டுரையில் சேர்க்காதே என்றார் பேராசிரியர். மறுத்தால் வேலை ஒப்பந்தம் நீளாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 'கார்த்' என்கிற வதிவிட அட்டையும் இல்லை. புறநகர் பொபினியிலிருந்து அவளுடைய தமையன் வந்து, என் கடையில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையைத் தட்டினார்: "ரெண்டு படத்தை ஒளிச்சா ஆர் சாகப்போகினம்? கார்த் போனா என்ன செய்வாய்?"

"கத்தாதையுங்கோ அண்ணை, ரொட்டி ஆறுது" என்றாள் அவள்.

மறுநாள், கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் படங்களை ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் அனுப்பினாள்.

வந்தேறியவர்கள் குனிந்துதான் நடக்கவேண்டும் என்று எங்களுக்கு நாங்களே படித்துக்கொடுத்த பாடம் ஒன்று இருக்கிறது. அட்டைக்காக எத்தனை அலுவலகக் கண்ணாடித் தடுப்புகளுக்கு முன்னால் நின்று தலையாட்டியிருக்கிறோம்! அவள் கழுத்து வளையவில்லை. இன்றும் யாராவது "அனுசரிச்சுப் போங்கோ" என்றால் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்துகொள்கிறது.

ஒப்பந்தம் முடிந்தது. லீல் நகரில் சில மாத வேலை கிடைத்தது, அட்டைக்கு உறுதியில்லை. கார் து நோர் நிலையத்தில் அவள் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு, "நாட்டைவிட்டே அனுப்பினா என்ன செய்வீர், மச்சாள்?" என்று கேட்டேன்.

கதவு மூட முன் சொன்னாள்: "என்னை எங்கையெண்டாலும் அனுப்பட்டும், மச்சான். அந்தப் புரதம் அங்கை இல்லை."