கொழும்பிலிருந்து ஒரு பாட்டில் ரத்தம்

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்புதான் நின்றதே தவிர, கவலைப்படுவதில் நான் மேல்படிப்பு வரைக்கும் போனவன். வாடகைக்குப் போன சைக்கிள் அரைமணி தாமதமானால், லாரிக்கு அடியில் போய்விட்டதாகவே முடிவு கட்டிவிடுவேன். அப்புறம் சைக்கிளுக்கு அழுவதா, ஆளுக்கு அழுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவனிடம் திருச்சியில் ஒரு டாக்டர் சொன்னார்: "ஒங்க வீட்டம்மா வயித்துல கட்டி இருக்கு. எடுத்துடலாம். ஆனா ஒடம்புல ரத்தம் ரொம்பக் கம்மி. ரத்தம் ஏத்தாம கத்தி வைக்க முடியாது. சொந்தக்காரங்க யாராவது குடுக்கணும். ஒரு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க."

முதலில் என் கையைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். சோதித்துப் பார்த்த நர்சம்மா, "சேராதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் கிடந்த என் மனைவி, "பத்துப் பொருத்தமும் இருக்குன்னு சோசியர் சொன்னாரே, இதைப் பாக்காம விட்டுட்டாரா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரத்தம் என்றதும் பங்காளிகளில் ஒருவருக்குக் கடலை பிடுங்கும் வேலை வந்துவிட்டது. ஒருவருக்கு மாடு கன்று போடும் சமயம். துணிந்து வந்த இரண்டு பேருடைய ரத்தமும் சேரவில்லை.

"கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

இருந்தார். ஒரே அண்ணன். கொழும்பில் துணிக்கடையில் வேலை. ஆனால் அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. அவர் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். பந்தியில் முதல் இலையும் அவருக்குத்தான். எங்கள் மகள் காதுகுத்துக்கு மச்சான் கப்பலேறி, சீர்த்தட்டோடு வந்தார். பந்தி போடும் நேரத்தில், வரி வசூலிக்கிற ஊர் மணியக்காரர் வந்து நின்றார். அவரை நிற்க வைத்தால் பின்னால் என்ன வருமோ என்ற பயத்தில், கையைப் பிடித்து முதல் இலையில் உட்கார வைத்துவிட்டேன். மச்சான் இரண்டாவது இலையில் உட்கார்ந்தார். சோறு விழுந்து, சாம்பார் ஊற்றும் வரை பொறுத்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"இந்த வீட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்" என்றார். சாப்பாடு கிடக்கட்டும், ஒரு வாய் காப்பி கூடக் குடிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

என் மனைவி விடுவாளா? "நீ குடுக்குற பச்சத்தண்ணி கூட எனக்கு வேணாம்" என்று சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். மணியக்காரர் பாயசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது அந்த மச்சானைத்தான் வரவழைக்க வேண்டும். மனைவியிடம் சொல்லாமல் தபாலாபீசுக்குப் போனேன். தந்தி என்றாலே சாவு என்று நினைக்கிற காலம். அண்ணன்காரன் பாதிக் கடலில் நெஞ்சு வெடித்துப் போய்விட்டால்? போஸ்ட்மாஸ்டரிடம், "ஒடனே பொறப்பட்டு வாங்கன்னு போடுங்க. அதுக்கு முன்னால, தங்கச்சி உயிரோட இருக்குன்னும் போட்டுருங்க" என்றேன்.

"அப்படியெல்லாம் யாரும் தந்தி குடுக்கிறதில்லப்பா."

"பரவாயில்ல, போடுங்க."

பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு என்று பதினெட்டு நாள் ஓடியது. ஒவ்வொரு நாளும் கப்பல் ஒரு முறை மூழ்கியது, என் மனசில். பத்தொன்பதாம் நாள் திருச்சி ஸ்டேஷனில் மச்சான் இறங்கினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நல்லாயிருக்கீங்களா மச்சான்?"

"'உயிரோட இருக்கா'ன்னு தந்தி குடுத்த ஒரே ஆளு ஒலகத்துலயே நீங்கதான் மாப்ளே. அதைப் படிச்சதுல இருந்து சோறு எறங்கல. இருக்காளா?"

"இருக்கா மச்சான். வீட்டுல இருந்து இட்லி கொண்டாந்திருக்கேன்."

"ஒங்க வீட்டு இட்லியா? வேணாம். சாப்பிடக் கிளப்புக்கடை எங்கிட்டு இருக்கு, அதைச் சொல்லுங்க."

வார்டில் மச்சானைப் பார்த்ததும் என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டடி தூரம்தான். ஆனால் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போனது.

"ஏங்க, இவரை யாரு வரச் சொன்னது?"

"மாப்ளே, தங்கச்சிக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க."

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க."

"நல்லா இருக்கவ ஏன் எலும்பா கெடக்கான்னு கேளுங்க."

நான் இங்கிட்டும் அங்கிட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கே வந்துவிட்டது.

மச்சான் ரத்தத்தைச் சோதிக்கக் கொண்டுபோனார்கள். சேரவில்லை என்றால், கடல் தாண்டி வந்த மனுஷனிடம் என்ன சொல்வது? அந்த ஒரு மணி நேரத்தில் நகம் கடிப்பதை முடித்து விரலுக்கு வந்திருந்தேன். நர்சம்மா வந்து, "சேருதுங்க" என்றார்கள். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், பரீட்சையில் அவர் பாஸ், நான் பெயில்.

ஆனால் கட்டிலில் இருந்து குரல் வந்தது: "பச்சத்தண்ணி வேணாம்னு சூடம் அணைச்சவ, ரத்தத்தை வாங்குவேனா? சாமி கண்ணைக் குத்தாதா? எனக்கு ஆப்ரேசனே வேணாம், வீட்டுக்குப் போகலாம்."

டாக்டர் கோபப்பட்டுப் பார்த்தார். நான் அழுது பார்த்தேன். அவள் அசையவில்லை. டாக்டர் வைத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் வாழைத்தண்டாக வெளுத்துக் கிடந்தது. கடைசியில் நர்சம்மாதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்க பாருங்கம்மா, ஒங்க அண்ணன் ஒங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. ஆஸ்பத்திரிக்குக் குடுக்குறாரு. பாட்டில்ல ஏறிட்டா அது ஆஸ்பத்திரி ரத்தம். அதுல இருந்து நாங்க ஒங்களுக்குக் குடுக்குறோம். ஆஸ்பத்திரிகிட்ட வாங்க மாட்டேன்னு சூடம் அணைச்சீங்களா?" என்றார்கள்.

என் மனைவி சுவர்ப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அப்படின்னா சரி" என்றாள்.

வார்டின் கோடியில் ஒரு கட்டிலில் மச்சானைப் படுக்க வைத்து, நடுவில் திரையை இழுத்தார்கள். பாட்டில் நிரம்பி, திரையை விலக்கியபோது மச்சான் எழுந்து உட்கார்ந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். கேட்ட வாயோடு அப்படியே சாய்ந்தார்.

"காப்பி குடுங்க, சர்க்கரை நெறையப் போட்டுக் குடுங்க" என்று நர்சம்மா கத்தினார்கள்.

காலையில் வீட்டில் போட்டுக் கொண்டுவந்த காப்பி பிளாஸ்கில் இருந்தது. ஒரு தம்ளரில் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து, ரத்தப் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு கம்பவுண்டர் என் எதிரே வந்து நின்றார். அவர் கை நழுவிப் பாட்டில் உடைந்தால் என்ன கதி? அவர் மனம் கோணக் கூடாதே என்ற பயத்தில், "மொதல்ல நீங்க குடிங்க சார்" என்று தம்ளரை அவரிடம் நீட்டிவிட்டேன்.

"யோவ்!"

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாள் முதல் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஒமக்குப் புத்தியே வராதா? ரத்தம் குடுத்தவர் அங்க கெடக்காரு, நீரு யாருக்கோ ஊத்திக் குடுக்குறீரே! மொதத் தம்ளர் எங்கண்ணனுக்கு!"

கம்பவுண்டர் பின்வாங்கினார். நான் தம்ளரோடு ஓடினேன். மச்சான் கண்ணைத் திறந்து பிளாஸ்கைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பிளாஸ்க் என்று தெரிந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அண்ணே" என்றாள் அவள். இந்தத் தடவை என் வழியாக இல்லை, நேராக. "குடிண்ணே. நீ குடிக்காட்டி அந்தப் பாட்டிலை நான் ஏத்திக்க மாட்டேன்."

மச்சான் தம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "சர்க்கரை கம்மி ஆத்தா" என்றார்.

"அது அவரு போட்ட காப்பி. எந்திரிச்சு வந்து நான் போட்டுத் தாரேன்" என்றாள் என் மனைவி.

அன்றைக்கே அந்தப் பாட்டில் அவளுக்கு ஏறியது. மறுநாள் ஆப்ரேஷன். கதவு திறக்கும் வரைக்கும் மச்சானும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கண் திறக்க ராத்திரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, அவள் நடமாட ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தோம். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள், கடலை பிடுங்கப் போனவர் உள்பட. நான் கூடத்தின் நடுவில் ஒரே ஓர் இலையைப் போட்டு, மச்சானை உட்கார வைத்தேன். அவர் மோர் சோறு முடித்து இலையை மடிக்கும் வரை வேறு யாருக்கும் இலை போடவில்லை. பசியில் பங்காளிகள் முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று, வாசலில் மணியக்காரர் யாரும் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.