பெயருக்கு முன்னால் எழுதிய சொல்

என் மேசையின் கடைசி இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில், பன்னிரண்டு வண்ண ஸ்கெட்ச் பேனா பாக்கெட் ஒன்று கிடக்கிறது. விலைச் சீட்டுகூட உரிக்கப்படவில்லை. ஆறு வருடங்களாக அதை எடுத்துத் துடைத்து வைப்பதும், வைத்த இடத்தை மறந்துவிடப் பார்ப்பதுமாக இருக்கிறேன். அதைக் கொண்டுவந்தவரை என் வாழ்நாளில் கால் மணி நேரம் பார்த்திருந்தால் அதிகம். அதற்கு முன்பே அவரை நான் சாகடித்திருந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்ப்பவள் நான். வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். பிள்ளைகளுக்கு நான் ‘ஸ்காலர்ஷிப் மேடம்’. அரசாங்கமே கொடுக்கிற பணம் என்றாலும் ஒரு சான்றிதழ் குறைந்தால் விண்ணப்பம் என் மேசையைத் தாண்டாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று என் காதுபடவே பேசுவார்கள். கோபித்துக்கொள்வேனே தவிர, உள்ளூர அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. விதிகளெல்லாம் மனப்பாடம் என்ற கர்வம்.

ஒரு பெண் முதலாண்டு சேர்ந்தபோது, வருமானச் சான்றிதழுக்காக அப்பாவின் விவரம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் அம்மாவை அழைத்து வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் புதிதாக மஞ்சள் பூசிய தாலிக்கயிறு. கணவர் பத்து வருடங்களுக்கு முன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கணவரால் கைவிடப்பட்டவர் என்று தாலுகா ஆபீசில் சான்று வாங்கிக்கொண்டால் உதவி கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். அந்த அம்மாள் மறுத்துவிட்டார். கணவர் வெளியூரில் வேலை பார்ப்பதாகவே ஊருக்குள் சொல்லி வைத்திருந்தாராம். சான்று கேட்டால் விஏஓ தெருவுக்கு வந்து நாலு பேரிடம் விசாரிப்பார்.

“விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுதிக் குடுக்க மாட்டேன் மேடம். செத்துட்டாருன்னு வேணா எழுதிக்கங்க. அதுல எனக்குக் கேவலம் இல்ல.”

ஃபீஸ் கட்ட வழியில்லாவிட்டால் பிள்ளையை நூல் மில்லுக்கு அனுப்ப ஆள் பிடிப்பவரிடம் பேசியாகிவிட்டது என்றும் சொன்னார். மகள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

எங்கள் கல்லூரிக்குப் பழைய மாணவர் ஒருவர் தம் தாயார் நினைவாக வைத்த நிதி ஒன்று உண்டு. தந்தையை இழந்த மாணவியருக்கு மூன்று வருடக் கட்டணமும் அதிலிருந்து போகும். இறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. பிரிவைப் பார்ப்பவர் விசாரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பிரிவைப் பார்ப்பவள் நான்தானே. தந்தை பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதினேன். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல காரியம் செய்ததாக நினைத்து, அன்றைக்கு பஸ்ஸில் நன்றாகத் தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம், நிதி கொடுத்தவரே பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். முதல்வர் அறைக்குள் ஒவ்வொருத்தியாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் உள்ளே இருந்த நேரம், என் கவுண்டர் முன்னால் ஒரு மனிதர் வந்து நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவளுடைய பெயரையும் ஊரையும் சொன்னார்.

“எம் மகதாம்மா. வீட்டுக்குப் போக மூஞ்சி இல்ல. இங்கன வச்சு ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவேன்.”

முதல்வர் அறைக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. அவள் வெளியே வந்து “அப்பா” என்றால் நிதி போகும், படிப்பு போகும், என் வேலையும் போகும். இதில் எது முதலில் என் நினைவுக்கு வந்தது என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

“அந்தப் பேர்ல இங்க யாரும் படிக்கலையே” என்றேன்.

அவர் வாதாடவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர்க் கேன் வராந்தாவில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே இருந்தது. கை காட்டிய பிறகுதான், நிதி பெறுபவர்களின் பட்டியலை அன்று காலையில் நானே அங்கே ஒட்டியது ஞாபகம் வந்தது. மாணவி பெயர், ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கும் தந்தை பெயர், ஊர். எல்லாம் தமிழில்; நிதி கொடுத்தவரின் விருப்பம் அது. தம்ளரைக் கையில் பிடித்தபடி அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. அதற்குக் கீழே போகவே இல்லை. நான் எழுந்து போயிருக்கலாம். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து அந்த ஸ்கெட்ச் பேனா பாக்கெட்டைக் கவுண்டரில் வைத்தார். “சின்னப்புள்ளையில கேட்டா. அப்ப வாங்கிக் குடுக்க முடியல” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“எழுதுனது அப்படியே இருக்கட்டும்மா. புள்ள படிக்கட்டும்.”

அவர் கேட்டைத் தாண்டும்போது முதல்வர் அறைக் கதவு திறந்தது. அவள் சிரித்துக்கொண்டே வந்து, இந்த வருடமும் கிடைத்துவிட்டது என்றாள். அவள் முகத்தையும் அவர் முதுகையும் ஒரே பார்வையில் நான் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

படிப்பு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்தது. வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கிடைத்தது. இன்றும் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது கவுண்டரில் கை வைத்தால் என் கண் முதலில் விரல்களைத்தான் எண்ணுகிறது. எல்லோருக்கும் ஐந்தும் இருக்கின்றன.

போன வாரம் அவள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அவளுடைய அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று அச்சாகியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

“போடலாமா வேணாமான்னு அம்மாவும் நானும் ரொம்ப யோசிச்சோம் மேடம். உசுரோட இருந்தா ஒரு தடவையாச்சும் என்னைத் தேடி வந்திருப்பாருல்ல?”

என் கை இழுப்பறைப் பிடியில் இருந்தது. வந்தார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், தனக்கு வாழ்வு கொடுத்தவளைப் பார்ப்பதுபோல.

“அவசியம் வாரேம்மா” என்றேன்.

கல்யாணம் வருகிற வெள்ளிக்கிழமை. பத்திரிகையையும் அதே இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். இரண்டு முறை அந்தப் பாக்கெட்டைக் கைப்பையில் போட்டு, திரும்ப எடுத்துவிட்டேன். பேனாக்கள் இந்நேரம் காய்ந்து போயிருக்கும். பிரித்துப் பார்க்கவில்லை. அது எனக்கு வந்ததல்ல.