மூன்றாம் இலையில் நின்ற மோட்டார்

கரமனையில் எங்கள் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு சி.என்.சி. இயந்திரம். கணினியில் வரைந்ததைச் சுழலும் வெட்டுமுனையால் மரத்தில் செதுக்கும். இயந்திரத்தை ஓட்டுவது நான். வருகிறவர்களிடம் பேசுவது நாகர்கோவிலிலிருந்து வந்த என் மதினி. அண்ணன் கல்யாணம் செய்துகொண்டதில் எனக்கு ஒரு தொழில் கூட்டாளி கிடைத்தாள்.

சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கீலும் விற்கும் அண்ணாச்சி ஒரு நாள் காலையில் ஆட்டோவில் ஒரு தேக்குப் பலகையோடு வந்தார். இடித்துவிட்ட பழைய வீட்டின் கதவில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதில் பன்னிரண்டு இலை வைத்த கொடி செதுக்கி, புது வீட்டின் பூஜையறைக் கதவில் பதிக்க வேண்டும். மறுநாள் விடிகாலை பால்காய்ப்பு.

“வேற பலகை இல்ல மோளே, கேட்டோ. இது கெட்டுப்போனா எங்கம்மா என்னையும் பால்ல போட்டுக் காய்ச்சிருவா” என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது இலை முடிகிற நேரத்தில் சத்தம் மாறியது. இடவலமாக நகர்த்தும் மோட்டார் நின்றிருந்தது. வெட்டுமுனை மட்டும் ஒரே இடத்தில் சுழன்று மரத்தைப் பொசுக்கியது. சிவப்புப் பொத்தானை அடித்தேன். பார்த்தால் கடுகளவு கருப்பு, நல்லவேளையாக எப்படியும் வெட்டி எறிய வேண்டிய இடத்தில்.

அது ஸ்டெப்பர் மோட்டார், அடி அடியாக நடப்பது. எங்கள் இயந்திரத்தில் கணினி எத்தனை அடி என்று கட்டளை மட்டும் போடும், நடந்தாயா என்று கேட்காது. நின்றுபோன மோட்டாரை நம்பி அது நான்காவது இலையை எங்கேயோ வெட்டப் போயிருக்கும்.

நான் நோட்டை எடுத்தேன். ஒன்று, வயர் தளர்ந்திருக்கிறதா. இரண்டு, வெட்டுமுனை நகரும் தண்டவாளத்தில் தூசி அடைத்திருக்கிறதா. மூன்று, மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங். நான்கு, மோட்டார். ஐந்து, மோட்டாருக்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் டிரைவர்.

“எட்டி, பலசரக்கு லிஸ்டா போடுக? அவரு முகத்தப் பாரு” என்றாள் மதினி.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு வயரை இறுக்கினேன். வெட்டுமுனையை உயர்த்தி, மரத்தைத் தொடாமல் வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. முதல் வரிக்கு டிக் அடித்தேன். அண்ணாச்சிக்குச் சாயா வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மோட்டார் மறுபடி நின்றது.

மறுபடி நிறுத்தி, தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஓடியது. டிக். நின்றது. கப்ளிங்கை இறுக்கினேன். ஓடியது. டிக். நின்றது.

“பின்னே, எதத் தொட்டாலும் சரியாவுது. ஆனா சரியாவல்ல” என்றார் அண்ணாச்சி. அவருடைய கவலை எனக்கும் தொற்றிவிட்டது.

எதைச் செய்தாலும் பக்கத்தில் மணி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த மணிகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் தடவை அரைமணி நேரம் ஓடியிருக்கிறது. அடுத்தது இருபது நிமிடம். அதற்கடுத்தது பதினைந்து. கடைசியாகப் பன்னிரண்டு. நான் செய்த எந்த வேலையும் அதைக் குணப்படுத்தவில்லை. வேலைக்காக நிறுத்தி வைத்த பத்து நிமிட ஓய்வில்தான் அது பிழைத்திருக்கிறது. அப்படியானால் ஏதோ சூடாகிறது.

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த டிரைவரின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் வெளியே காற்று வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டுக்கு வந்தேன். காற்று போகிற துளைகளின் மேல் சரஸ்வதி வீணை வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜையன்று ஒட்டிய படம். வாசலைப் பார்த்த பக்கம் அதுதான் என்று, ரசமட்டம் வைத்து நேராக ஒட்டியது நான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பத்து நிமிடப் பெயர்ப்பலகைகள். நீண்ட வேலை இதுதான் முதல்.

ஆணி நெம்புகிற தகட்டை எடுத்தேன்.

“ஏ பிள்ள, சரஸ்வதிய சொரண்டாத! நாளைக்கு அவரு வீட்ல விசேஷம்” என்று மதினி கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு ஓடி, தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தாள். சூட்டில் பசை இளக, ஓரத்திலிருந்து உரித்தோம். அண்ணாச்சி எழுந்து வந்து வீணைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கிழியாமல் வந்தது. துளைகளிலிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது.

ஒரு மணி நேரம் காற்றில் ஓட்டினேன். நிற்கவில்லை. ஆனால் மரத்தில் இறங்கத்தான் பயமாக இருந்தது. மோட்டார் தவறவிட்ட அடிகளால் இயந்திரத்துக்குத் தன் இடம் மறந்திருக்கும். முடி அளவு பிசகினாலும் இலைக்கு இரண்டு விளிம்பு வரும். ஆரம்பத்தில் பலகையின் மூலையில் தொடக்கப் புள்ளியாக ஒரு சிறு குழி போட்டிருந்தேன். வெட்டுமுனையைக் கையால் அதற்குமேல் நகர்த்தி, டார்ச் அடித்து, மூச்சைப் பிடித்து இறக்கினேன். குழியில் சரியாக உட்கார்ந்தது. அதுதான் தொடக்கம் என்று கணினியில் பதிந்துவிட்டு, அங்கிருந்து மூன்றாவது இலைக்குத் திரும்பினேன்.

நான்கு. ஐந்து. ஏழாவது இலைக்குப் பிறகுதான் அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார்.

முடிந்ததும் தூளை ஊதிவிட்டுக் கட்டைவிரலால் கொடியை வருடினார். “எங்கதான் நின்னுது?”

சொல்லாதே என்று மதினி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் மூன்றாவது இலையைக் காட்டிவிட்டேன். அவர் அங்கே மட்டும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியல்லியே” என்றார். “எங்கம்மாட்ட சொல்ல மாட்டேன் கேட்டோ. சொன்னா அவ கண்டுபிடிச்சிருவா.”

ஆட்டோவில் பலகையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் அரையடி வெளியே நீட்டியிருந்தது. புது வீடு இருக்கும் ஸ்ரீவராகம் வரைக்கும் எல்லோரும் விலகிப் போகட்டும் என்று ஆட்டோக்காரரிடம் அவர் சத்தமாகச் சொன்னது வளைவு வரை கேட்டது.