ஷகிலா திருத்திய வரி

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. "சார், ஷகிலா மேடம் பூட்டாங்க சார்." சிறுநீரகக் கோளாறு ஷகிலாவைப் பல மாதமாகவே வாட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை பழவேற்காட்டில் அடக்கம்.

எங்கள் கம்பித் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவரும் நானும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அவர் கொண்டுவரும் இறால் தொக்குக்காகச் சாப்பாட்டு நேரத்தில் காத்திருந்தது கூட வேலை பார்த்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஏழுமலை எடைமேடையில் வேலை செய்பவர். அவர் பதியும் லாரி எடை இங்குள்ள கம்ப்யூட்டரிலும், அதே நேரத்தில் திருவள்ளூர் கிடங்கில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் ஏறும். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கான கையேட்டை எழுதியவர் ஷகிலா.

ஒரு புயல் நாளில் இரண்டு இடத்திலும் கரண்ட் போனது. இங்கே டிஸ்க் பழுதாகிவிட, திருவள்ளூர் கம்ப்யூட்டரை வைத்து வேலையைத் தொடர்ந்தோம். கடைசியாகப் போன லாரிகளின் எடை அதில் இல்லை. "பதியாமலே வண்டிய அனுப்பிட்டு கதை சொல்றியா?" என்றார் மேலாளர். "ரெண்டு எடத்துலயும் ஏறிடுச்சின்னு ஸ்கிரீன்ல வந்துச்சி சார்" என்று ஏழுமலை திரும்பத் திரும்பச் சொன்னார். வேலைநீக்கக் கடிதம் தயாரானது.

ஷகிலா மேலாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"தப்பு அவர் மேல இல்ல சார், நான் எழுதின வரியில இருக்கு. ரெண்டாவது கம்ப்யூட்டர் உறுதி செய்யும்னு எழுதினேன், எப்போன்னு எழுதல. நாம வச்ச செட்டிங்ல, தகவல் வந்து சேர்ந்ததுமே அது சரின்னு சொல்லிடும். டிஸ்க்ல எழுதுறதுக்குள்ள கரண்ட் போனா அவ்ளோதான்."

"அப்போ மெமோ உங்களுக்குத்தான்."

"குடுங்க சார்."

ஏழுமலையின் கடிதம் கிழிக்கப்பட்டது. ஷகிலாவின் பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

டிஸ்கில் எழுதி முடித்த பிறகே சரி என்று சொல்லும்படி செட்டிங்கை மாற்றினார். கையேட்டையும் திருத்தி, எடைமேடை வரை நடந்துபோய் ஏழுமலையிடம் வாசிக்கக் கொடுத்தார்.

"திருவள்ளூர்ல கம்ப்யூட்டர் படுத்துச்சின்னா இது காத்துக்கினு இருக்கும்னு போட்டுக்கிறீங்க. அப்போ ஸ்கிரீன் அப்டியே நிக்குமே, இன்னா பண்றது மேடம்? ஆஃப் பண்ணிடவா?"

"அய்யோ, அத எழுதவே இல்லியே!" என்று சிரித்துவிட்டார். 'அணைக்க வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்' என்று நின்ற இடத்திலேயே எழுதிச் சேர்த்தார். "படிக்கிறவங்க எங்க தயங்குறாங்களோ, அங்க நான் முழுசா சொல்லலேன்னு அர்த்தம்" என்பார்.

இப்போது கையேடு என் பொறுப்பில் இருக்கிறது. ஏதாவது மாற்றினால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெயிலில் எடைமேடை வரை நடக்கிறேன். ஏழுமலை வாசிக்கிறார், நான் பேனாவோடு நிற்கிறேன். ஷகிலாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நடையைத்தான்.