துவாரத்தில் அடைத்த சாரம்

நோர்வேயில், ரொம்சோஸில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடம் பழையது. குசினிச் சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம் உண்டு. அதன் பின்னால், எல்லா வீடுகளின் புகையையும் ஆவியையும் கூரைக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய். குடிவந்த முதல் வருடமே அந்தத் துவாரத்தை, நான் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தால் இறுக்கி அடைத்து, மூடியைத் திரும்பப் பூட்டியவன் நான்தான்.

எல்லாம் வெட்கத்தால் வந்தது. மனைவி அன்று கறித்தூளுக்கு மிளகாய் வறுத்திருந்தாள். மேல்வீட்டு நோர்வேஜிய அம்மா படியில் என்னைக் கண்டு, "இன்று உங்கள் வீட்டில் பலமான சமையல்போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ மானம் கப்பலேறிவிட்டது.

"மணம் வெளியிலை போகாட்டி எங்கையப்பா போறது?" என்று மனைவி கேட்டாள்.

"சனம் எங்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது," என்றேன். என் பிடிவாதம் தெரிந்தவள், அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்று குளிர்காலம் போனது. பூட்டிய யன்னல்களில் தண்ணீர் வழிந்தது. மகளின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. துடைக்கத் துடைக்கத் திரும்பவும் வந்தது. ஏழு வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. வீட்டில் காற்றோட்டம் எப்படி என்று டொக்டர் கேட்டார். நல்லது என்று சொன்னேன். பக்கத்தில் மகள் தோள் இரண்டையும் தூக்கித் தூக்கி மூச்செடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒருநாள் மத்தியானம் குழாய் துப்புரவாக்க ஆள் வந்தார். மூடியைக் கழற்றிச் சாரத்தை உருவி எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் அது கறுத்துப்போயிருந்தது. குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு கடதாசியைத் துவாரத்தில் வைத்துக் கையை எடுத்தார். உள்ளே இழுத்த காற்றில் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் போனதும், பக்கத்தில் நின்று பார்த்த மகள் கேட்டாள்: "அப்பா, என்ரை அஸ்த்மா இதாலையோ?"

"இதாலையும்தான், பிள்ளை."

"ஆர் வைச்சது?"

"நான்தான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இழுப்பு இப்போது குறைவு, முற்றாகப் போகவில்லை. மிளகாய் வறுக்கும் நாட்களில், அடுப்பு மூட்டுமுன் அவள் கதிரையில் ஏறி, கொப்பியில் கிழித்த தாளொன்றைத் துவாரத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

"திறந்துதானம்மா இருக்குது," என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

"ஓம் அப்பா," என்கிறாள். தாள் ஒட்டி நிற்பதைப் பார்த்த பிறகுதான் இறங்குகிறாள்.