மிளாவின் தொண்டையில் சிவப்பு

மான் என்றால் புள்ளிமான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கம்பம் டவுனில் பிறந்து, ராயப்பன்பட்டி மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டக்காரருக்கு வாக்கப்பட்டவள். கல்யாணமான புதிதில் ஒரு காலை தூக்குவாளியோடு தோட்டத்துக்குப் போனேன். "பந்தலுக்குள்ள மான் மாட்டிருக்கு, அங்கனயே நில்லு!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். ஆட்டுக்குட்டி அளவுக்கு ஏதோ நிற்கும் என்று குனிந்து எட்டிப் பார்த்தேன்.

ஆத்தாடி! அது மிளா என்கிற கடமான். எருமைக்குக் காலை நீட்டிவிட்டதுபோல நின்றது. அதன் தோளே அவர் நெஞ்சுக்கு வந்தது. கருத்த உடம்பு, கழுத்தில் சிலிர்த்த முரட்டு மயிர், அகலக் காது. கிளைவிட்ட கொம்பு இரண்டும் கொடியிலும் கம்பியிலும் சிக்கியிருந்தன. அது தலையை உதறும்போதெல்லாம் பந்தலே ஆடியது.

அவர் ஓடி வந்துவிடுவார் என்று பார்த்தால், அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து ரத்தம் கசிந்தது.

"எவனோ சுட்டுப்புட்டான். இங்கன விழுந்து செத்தா ஃபாரஸ்ட்காரக நம்மளத்தான் தூக்கிட்டுப் போவாக" என்றார்.

"போனாப் போறாக, வாங்க! நான் ஜெயிலுக்கு வந்து சோறு தாரேன்!"

கேட்டால்தானே! கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கொம்புக்கு அடியிலேயே புகுந்தார். கம்பி அறுந்தது. மிளா தலையை ஒரு வீசு வீச, கொம்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் மல்லாந்து விழுந்தார். மிளா அவரைத் தாண்டி மலையைப் பார்த்து ஓடியது.

ஓடிப்போய் அவர் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். சிராய்ப்புகூட இல்லை. குலசாமியைக் கும்பிட்டபடி அழுதேன். அவரோ, "கேசுல இருந்து தப்பிச்சோம்" என்றார்.

சில வருஷம் கழித்து, சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பஸ்ஸில் போனோம். ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட்டார். ரோட்டோரம் ஒரு கிடா மிளாவும், கொம்பில்லாத பெட்டையும் தலை நிமிர்ந்து பார்த்தன. இரண்டின் தொண்டையிலும் அதே இடத்தில் அதே சிவப்பு.

"ஐயோ, ரெண்டையும் சுட்டுட்டாகளா?" என்றேன்.

"இணை சேர்ற சீசன்ல மிளாவுக்கு அப்படித்தாம்மா இருக்கும், தானா ஆறிரும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் கியரைப் போட்டார்.

அந்தக் கொம்பு என் கண்ணுக்குள் மறுபடியும் அவர் சட்டைக்கு நேரே வந்து நின்றது. "இதுக்காகவா அன்னைக்கு என் தாலியப் பணயம் வச்சீக?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவர் என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது.