சபைக்கு ஒரு வக்கீல் தேடினோம்

குடத்தோடு வந்து நிற்கிறவர்களுக்கு, குழாய் வருகிற வரை பதில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் பேரூராட்சி மெம்பர் வேலை. நீங்களும் எப்போதாவது மெம்பராக இருந்திருந்தால் என் படபடப்பு உங்களுக்குப் புரியும். எண்பதுகளின் பின்பாதியில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண் நான், அதில் மேட்டுத் தெரு மெம்பர்.

ஒரே வக்கீல்

மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடுவதென்று சபையில் தீர்மானம் வந்தது. ஆறு பேர் கை தூக்கினோம். ஐந்து பேர் தூக்கவில்லை. அவசரக்குடுக்கை நான், அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே நிர்வாக அதிகாரி, சபைக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று நிறுத்தி வைத்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேரூராட்சி வக்கீல் தர்மபுரியில் இருந்தார். தலைவரும் நானும் பஸ் ஏறிப் போய், அதிகாரி செய்தது சரியா என்று கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி துடைத்தார். "அவருக்கு அப்படி யோசனை சொன்னதே நான்தானுங்க. நான் சொன்னதை நானே எப்படிங்க தப்புன்னு சொல்றது?"

சொந்தக்காரர்கள்

அதிகாரிக்கு ஒரு வக்கீல் என்றால் சபைக்குத் தனி வக்கீல் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதிசயமாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யாரை வைப்பது என்றதும் ஒருவர் மச்சான் பெயரைச் சொன்னார், ஒருவர் மருமகன் பெயரைச் சொன்னார், தலைவர் சம்பந்தியின் தம்பியைச் சொன்னார். கடைசியில், எந்த மெம்பருக்கும் சொந்தமில்லாதவராக இருக்க வேண்டும் என்று முடிவானது. அதன்பிறகு எந்த வக்கீல் பெயரை எடுத்தாலும், "அவரு எங்க சின்னம்மா வழியில..." என்று ஒரு குரல் கேட்டது.

கடைவீதி மெம்பர் பாஷா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கு ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடறது சுலபமுங்க. அங்க சொந்தமா இருந்தாத் தேவலைங்கறாங்க, நீங்க சொந்தமா இருந்தா ஆகாதுங்கறீங்க!"

நாற்காலி

கடைசியாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வக்கீலம்மா அரூரிலிருந்து கிடைத்தார். முதல் கூட்டத்தில் அவரை எங்கே உட்கார வைப்பது என்று அரை மணி நேரம் சண்டை. தலைவர் பக்கத்தில் போட்டால் தலைவருடைய ஆள். அதிகாரி பக்கத்தில் போட்டால் அவருடைய ஆள். எங்களோடு போடலாமென்றால், எந்தக் கட்சி வரிசையில்? அந்த அம்மா பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று நான் வாசலை மறித்து நின்றுகொண்டேன்.

கடைசியில் பியூன் முருகேசன் நாற்காலியைத் தூக்கிப்போய் மூலையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போட்டான். "இங்க உக்காருங்கம்மா. காத்து வராது, ஆனா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

வாசலுக்கு வெளியே

வக்கீலம்மா சட்டம் பார்த்து, குழாய் போட சபைக்கு அதிகாரம் உண்டு என்றார். அதிகாரி முகம் சுருங்கியது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். "ஆனா இந்தத் தீர்மானம் செல்லாதுங்க" என்றார் அடுத்து. எங்கள் ஊரில் குழாய் என்றால் மெம்பர் வீட்டு வாசலில்தான் வைப்பார்கள். தீர்மானத்திலும் என் வீட்டு வாசல் என்றுதான் இருந்தது. தன் வாசலுக்கு வருகிற குழாய்க்குத் தானே ஓட்டுப் போடக் கூடாதாம். என் ஓட்டைக் கழித்தால் ஐந்துக்கு ஐந்து.

"நாங்க வெச்ச வக்கீலு, எங்களையே கவுத்தறீங்களே!" என்றேன். "உங்களுக்காகவா வெச்சீங்க? சபைக்குத்தானே?" என்றார்.

குழாயைத் தெருமுனைக்கு மாற்றி மறுபடி ஓட்டுக்கு விட்டார்கள். இப்போது நானும் கை தூக்கலாம் என்றார் வக்கீலம்மா. எனக்குத்தான் பயம். என் ஓட்டால் இன்னொரு தடவை செல்லாமல் போனால் மேட்டுத் தெரு என்னைத் தொலைத்துவிடும் என்று, ஓட்டுப் போடாமல் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். நின்ற பிறகுதான் கணக்கு உறைத்தது, நான் இல்லாமல் ஐந்துக்கு ஐந்து என்றால் தோல்விதான். கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவர், சென்ற தடவை கை தூக்காத பாஷா பாய். "பாஸாயிடுச்சுக்கா, நானும் கை தூக்கிட்டேன். உங்க வூட்டு வாசலுக்குத்தான் நான் எதிர்ப்பு, தண்ணிக்கு இல்லீங்க."

சபைக்குத் தனி வக்கீல் வேண்டுமென்று எல்லோரையும்விட உரக்கக் கத்திய நான், அதன் பலனாக வாசலுக்கு வந்திருக்க வேண்டிய தண்ணீரைத் தெருமுனை வரை நடந்துபோய், வரிசையில் நின்று பிடித்து வந்தேன்.